கிராஸ்ஓவரை எங்கே வைக்கிறது? ஊஃபரும் ஹார்னும் கைமாற்றுற இடம்

இன்னிக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். நேயர் ஒருத்தர் எழுதியிருக்கார்: "12 இன்ச் ஊஃபர் ஒரு ஜோடி, 1 இன்ச் கம்ப்ரெஷன் டிரைவர் ஒரு ஜோடி, 90 டிகிரி ஹார்ன் ஒரு ஜோடி வாங்கி வச்சிட்டேன். கிராஸ்ஓவர் எத்தனை ஹெர்ட்ஸ்ல வைக்கணும்? ஒருத்தர் 800-ங்கிறார், இன்னொருத்தர் 2,500-ங்கிறார். தப்பா வச்சா டிரைவர் போயிடுமோன்னு பயமா இருக்கு."

பயம் நியாயமானதுதான். ரொம்பக் கீழே வச்சா டிரைவர் போயிடலாம். ஆனா ரொம்ப மேலே வச்சாலும் ஒரு நஷ்டம் இருக்கு, அது சட்டுனு கண்ணுக்குத் தெரியாது. எதுவும் எரியாது. சோஃபாவோட நடுவுல உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு மட்டும் பாட்டு நல்லா கேட்கும். பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் பாடகரோட குரல் உள்ளே போன மாதிரி கேட்கும். வீட்டுல நாலு பேர் சேர்ந்து கேட்கத்தான் இவ்வளவு பெரிய பெட்டி கட்டுறோம், இல்லையா?

இந்த நேயருக்கு என் பதில்: சுமார் 1,250 ஹெர்ட்ஸ். அந்த எண் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா, உங்ககிட்ட இருக்கிற பாகங்களுக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

ரிலே ஓட்டம்

டூ-வே ஸ்பீக்கர்ல கீழ் ஓசைகளை ஊஃபரும், மேல் ஓசைகளை ஹார்னும் பார்த்துக்கும். கிராஸ்ஓவர்ங்கிறது இந்த ரெண்டுக்கும் நடுவுல நடக்கிற கைமாற்றம். ரிலே ஓட்டத்துல குச்சியைக் கொடுக்கிறவரும் வாங்குறவரும் கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடுவாங்க. அந்த நேரத்துல ரெண்டு பேருக்கும் ஒரே வேகம் இருந்தா குச்சி கீழே விழாது. இங்கேயும் அப்படித்தான். கைமாற்றுற இடத்துல ஊஃபரும் ஹார்னும் ஒரே அளவு சத்தமா, ஒரே அளவு அகலமா, ஒரே நேரத்துல நம்ம காதுக்கு வந்து சேரணும்.

ஊஃபர் "இதுக்கு மேல என்னால முடியாது"னு ஒரு எல்லை சொல்லும். ஹார்னும் டிரைவரும் "இதுக்குக் கீழே எங்களால முடியாது"னு ஒரு எல்லை சொல்லும். நடுவுல மிஞ்சுற இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற ஜன்னல்.

மேல் எல்லை: ஊஃபரின் அகலம்

எந்த ஸ்பீக்கர் கோனும் கீழ் ஓசைகளை எல்லாப் பக்கமும் பரப்பும். அதிர்வெண் ஏற ஏற, ஓசை டார்ச் லைட் மாதிரி குறுகிக்கொண்டே போகும். எங்கே குறுக ஆரம்பிக்கும்ங்கிறதைக் கோனோட விட்டம்தான் முடிவு பண்ணுது.

நினைவுல வச்சுக்க ஒரு சுலபமான விதி இருக்கு. ஓசையின் அலைநீளமும் கோனின் விட்டமும் சமமாகிற இடத்துல, ஊஃபர் மொத்தமா சுமார் 90 டிகிரிக்குப் பரப்பும். அதாவது நேர் எதிரே இருந்து 45 டிகிரி தள்ளிப் போனா சத்தம் 6 டெசிபல் குறையும். காத்துல ஓசையின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். 12 இன்ச் ஊஃபர்னு பேர் இருந்தாலும், ஃபிரேமையும் ஓரத்து வளையத்தையும் விட்டா, உண்மையில அசையுற பகுதி சுமார் 26 சென்டிமீட்டர்தான். 343-ஐ 0.26-ஆல் வகுத்தா சுமார் 1,320 ஹெர்ட்ஸ்.

நேயரோட ஹார்ன் 90 டிகிரி. ஊஃபரும் 1,320 பக்கத்துல 90 டிகிரிக்கு வருது. ஆக, அதுக்குப் பக்கத்துல கைமாற்றினா ரெண்டுக்கும் ஒரே அகலம். இதே ஊஃபரை 2,500 வரைக்கும் ஓட விட்டா? கணக்குப்படி அது 45 டிகிரிக்கும் கீழே குறுகிடும். அதுக்கு மேல ஹார்ன் திடீர்னு 90 டிகிரிக்கு விரியும். பக்கத்துல உட்கார்ந்தவங்களுக்குக் குரல் உள்ளே போறதுக்குக் காரணம் இந்தப் படிதான். ஈக்வலைசரால இதைச் சரி பண்ண முடியாது. நடுவுல இருக்கிறவருக்குச் சரி பண்ணா பக்கத்துல கெடும், பக்கத்துல சரி பண்ணா நடுவுல கெடும்.

இந்த விதி வெறும் காகிதக் கணக்கு இல்ல. 1980களின் தொடக்கத்துல ஜேபிஎல் 4430-னு ஒரு ஸ்டுடியோ மானிட்டர் வந்தது. 15 இன்ச் ஊஃபர், மேலே அகலமான ஹார்ன். 15 இன்ச் ஊஃபர்ல அசையுற பகுதி சுமார் 33 சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்க, 1,040 வரும். அந்த ஸ்பீக்கரோட கிராஸ்ஓவர் 1,000 ஹெர்ட்ஸ்.

கீழ் எல்லை, ஒண்ணு: ஹார்னின் வாய்

திருவிழாவுல மரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கரை எல்லாரும் பார்த்திருப்போம். கொஞ்சம் பவர்லயே ரெண்டு தெரு தாண்டிக் கேட்கும், ஆனா பேஸ் சுத்தமா இருக்காது. ஓசையைப் பிடிச்சு ஒரு திசையில அனுப்ப, அலைநீளத்துக்கு ஏத்த அளவு பெரிய வாய் வேணும். வாய் சின்னதுன்னா கீழ் ஓசைகள் பிடி நழுவி எல்லாப் பக்கமும் சிதறிடும்.

எந்த இடத்துல பிடி நழுவும்? அமெரிக்க ஒலிப் பொறியாளர் டி. பி. கீல் கொடுத்த சுருக்கமான சூத்திரம் ஒண்ணு இருக்கு. மேலே சொன்ன 4430 ஹார்னுக்குப் பின்னாடி இருந்தவரும் இவர்தான். பத்து லட்சத்தை, ஹார்னின் கோணத்தாலும் வாயின் இன்ச் அகலத்தாலும் வகுங்க. நேயரோட ஹார்ன் 90 டிகிரி, வாய் அகலம் 12 இன்ச். 10,00,000-ஐ 1,080-ஆல் வகுத்தா சுமார் 925 ஹெர்ட்ஸ். 800-ல கைமாற்றினா, ஹார்ன் தன் வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே அது கையில குச்சியைக் கொடுத்த மாதிரி ஆகும்.

பழைய சினிமா தியேட்டர் ஸ்பீக்கரான ஆல்டெக் ஏ7-லயும் இதைப் பார்க்கலாம். பெரிய 511 ஹார்ன் போட்டா கிராஸ்ஓவர் 500 ஹெர்ட்ஸ், சின்ன 811 ஹார்ன் போட்டா 800 ஹெர்ட்ஸ்.

கீழ் எல்லை, ரெண்டு: டயஃபிரம்

டிரைவர் போறது இங்கேதான். கம்ப்ரெஷன் டிரைவருக்குள்ள இருக்கிற டயஃபிரம் ரொம்ப மெல்லிசு. எதிர்ல இருக்கிற உலோகத் தடுப்புக்கும் அதுக்கும் நடுவுல மில்லிமீட்டர் கணக்குலதான் இடைவெளி. அதே சத்தத்துல ஒரு ஆக்டேவ் கீழே போனா, அதாவது அதிர்வெண் பாதியானா, ஹார்னோட பிடி இருக்கிற வரைக்கும் டயஃபிரம் இரண்டு மடங்கு தூரம் அசையணும். பிடி விட்டுப் போன பிறகு கிட்டத்தட்ட நாலு மடங்கு. கொஞ்ச நேரத்துலயே இடிக்க ஆரம்பிச்சிடும்.

அதனாலதான் டேட்டாஷீட்டுல "இதுக்குக் கீழே கிராஸ்ஓவர் வைக்காதீங்க"னு ஒரு எண் இருக்கும், பக்கத்துலயே ஃபில்டரோட சரிவும் இருக்கும். நேயர் அனுப்பின ஷீட்டுல 1,200 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 12 டெசிபல்னு இருக்கு. ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு போட்டா டிரைவருக்கு இன்னும் பாதுகாப்பு. ஆனா அந்தச் சலுகையைக் காட்டி 1,200-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

இப்போ ஜன்னல் தெளிவா தெரியுது. ஹார்ன் 925-க்கு மேல, டிரைவர் 1,200-க்கு மேல, ஊஃபர் 1,320-க்குள்ள. அப்படித்தான் 1,250 வந்தது.

எழுந்து நின்னா என்ன ஆகும்?

இன்னும் ஒரு விஷயம். ஊஃபரும் ஹார்னும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு இருக்கு. நம்ம காது மேலேயோ கீழேயோ போகும்போது ரெண்டும் வர்ற தூரம் மாறும். அந்த வித்தியாசம் பாதி அலைநீளம் ஆகிற கோணத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும்.

நேயரோட பெட்டியில ரெண்டு மையங்களுக்கும் நடுவுல 28 சென்டிமீட்டர். 2,500-ல கைமாற்றினா அந்தக் குழி சுமார் 14 டிகிரியில வரும். ரெண்டு மீட்டர் தூரத்துல அது அரை மீட்டர் உயரம். உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து நின்னா காது கிட்டத்தட்ட அவ்வளவுதான் உயரும். 1,250-ல வச்சா குழி 29 டிகிரிக்குப் போயிடும், ஒரு மீட்டருக்கும் மேல. நின்னு கேட்டாலும் பிரச்சினை இல்ல. ஜன்னலுக்குள்ள எந்த எண்ணை எடுத்தாலும், ஊஃபரையும் ஹார்னையும் முடிஞ்ச வரை நெருக்கி வையுங்க.

எண் கிடைச்ச பிறகு

மூணு வேலை இருக்கு. முதல்ல சத்தத்தைச் சமமாக்கணும். ஹார்ன் 108 டெசிபல், ஊஃபர் 96-ன்னா, ஹார்னை 12 டெசிபல் குறைக்கணும். பவர் கணக்குல அது 16-ல ஒரு பங்கு.

ரெண்டாவது நேரம். ஹார்னோட டிரைவர் பின்னாடி தள்ளி இருக்கும், அதனால ஊஃபரோட ஓசை முன்னாடியே வந்துடும். 14 சென்டிமீட்டர் வித்தியாசம்னா 1,250 ஹெர்ட்ஸ்ல அது சரியா பாதி அலை. கூட வேண்டியது கழிஞ்சு போயிடும். டிஎஸ்பி இருந்தா ஊஃபருக்கு 0.4 மில்லிசெகண்ட் தாமதம் கொடுங்க.

மூணாவது பாதுகாப்பு. ஹார்னுக்குத் தனி ஆம்ப் போட்டு டிஎஸ்பி வழியா ஓட்டுறவங்க, டிரைவருக்கு வரிசையா ஒரு 68 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் கட்டாயம் போடுங்க. 8 ஓம் டிரைவருக்கு அது 300 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் வேலை செய்யும், கிராஸ்ஓவரைப் பெரிசா தொந்தரவு பண்ணாது. ஆம்ப் ஆன் பண்ணும்போது வர்ற அந்த 'டப்' சத்தம் டயஃபிரத்தை அடிக்காம காப்பாத்தும்.

எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கு. 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி ஃபில்டர் போட்டு, ஹார்னோட பிளஸ் மைனஸ் வயரை வேணும்னே மாத்திப் போடுங்க. மைக் வச்சு அளந்தா 1,250-ல ஆழமான, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியான குழி வரணும். வந்தா சத்தமும் நேரமும் பொருந்தியிருக்குன்னு அர்த்தம். வயரைத் திரும்ப மாத்திட்டுப் பாட்டுப் போடுங்க.

இன்னும் எதுவும் வாங்காதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். 15 இன்ச் ஊஃபரோட மேல் எல்லை 1,040. அதுகூட 1,600-க்குக் கீழே இறங்காத சின்ன டிரைவரை வாங்கினா ஜன்னலே கிடையாது. எந்த ஃபில்டரும் அதைத் திறக்காது. 8 இன்ச் ஊஃபர்னா மேல் எல்லை 2,000 வரைக்கும் போகும், அதே சின்ன டிரைவர் நிம்மதியா வேலை செய்யும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி, இந்த மூணு எண்ணையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல டிஎஸ்பி இல்லாம, காயிலும் கெபாசிட்டரும் மட்டும் வச்சு இதே 1,250-ஐ எப்படிக் கொண்டு வர்றதுன்னு பேசலாம். உங்க ஊஃபர் அளவு, ஹார்ன் அகலம், டிரைவர் ஷீட்டுல இருக்கிற எண், மூணையும் எழுதி அனுப்புங்க. சிலதை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.