குடும்ப நோய்க்கு மருந்து எது?

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பர் பெரியோர். பசறையிலாயினும் பண்டாரவளையிலாயினும் துன்பம் எட்டிப் பாராத குடும்பம் இல்லை. உடம்பு நொந்தால் வைத்தியரிடம் ஓடும் நாம், குடும்பம் நொந்தால் எங்கே போவது?

ஊவாத் தோட்டப் பகுதிகளில் நாம் காணக்கூடிய குடும்பம் ஒன்றை மனக்கண் முன் கொண்டுவருவோம். தாய் குவைத்திலே வீட்டுப் பணிப்பெண். தந்தை மாலையானதும் குடித்துவிட்டு வருகிறான். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அப்பாயியின் தலையில். பன்னிரண்டு வயதுச் சிறுமி பாடசாலையிலே வாய் திறப்பதில்லை. "பிள்ளைக்கு என்ன வந்தது?" என்று யாவரும் கேட்கின்றனர். "குடும்பத்துக்கு என்ன வந்தது?" என்று கேட்பார் இல்லை.

குடும்ப உளச் சிகிச்சை இந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. சிறுமியை மாத்திரம் அழைத்துப் பேசாமல், தந்தையையும் அப்பாயியையும் உடன் இருத்தி, கடல் கடந்த தாயையும் தொலைபேசியிற் சேர்த்து, எவருடைய கவலையை எவர் சுமக்கிறார் என்று ஆராய்வது அதன் வழி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் மனநல நிலையத்தை அமைத்தபோது, நோயாளியுடன் உறவினரும் தங்கியிருக்க ஏற்பாடு செய்தது. உறவைப் புறத்தே நிறுத்திவிட்டு மனத்தைக் குணப்படுத்துவது அரிது என்பதை எம்மவர் அன்றே கண்டிருந்தனர்.

ஆர்ஜென்டீனாவிற் பிறந்த சல்வடோர் மினூச்சின் என்னும் வைத்தியர், நியூயோர்க் நகரத்து ஏழைக் குடும்பங்களிடையே பணியாற்றி, 1967 இல் சகாக்களுடன் சேரிக் குடும்பங்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பின்னர் பிலடெல்பியா நகரிலே, பட்டம் பெறாத உள்ளூர் மக்களையே தெரிந்தெடுத்துக் குடும்ப ஆலோசகராகப் பயிற்றினார். அவர்கள் குடும்பங்களோடு பேசும்போது, ஆசிரியர்கள் ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடிக்குப் பின்னேயிருந்து கவனித்துத் திருத்தினர்.

அயல் நாடுகளில் இக்கலை இன்று முதுமாணிப் பட்டப் படிப்பாக வளர்ந்துள்ளது. மூன்று தலைமுறை உறவுகளை வரைபடமாக்கிப் பார்ப்பதையும், தன் சொந்தக் குடும்பத்து விருப்பு வெறுப்புகளை அறிந்து அடக்குவதையும் மாணவர் பயில்கின்றனர். எனினும் ஆசிரியரின் மேற்பார்வையில் உண்மைக் குடும்பங்களைச் சந்திக்கும் பயிற்சியே இக்கல்வியின் உயிர்நாடி.

நகரத்துச் சேரிக்கு உதவிய கலை எமது லயத்துக்கும் உதவும். ஆனால் லயத்தை அறிந்தவர் வேண்டும். ஒரு காம்பிராவிலே பேசுவது அடுத்த காம்பிராவிற் கேட்கும். அங்கே இரகசியம் காப்பது எப்படி? பெரட்டுக்குப் புறப்படும் பெண்ணைக் காலையிலே அழைத்தால் அன்றைய சம்பளம் போகும். கொழுந்து நிறுத்த பின்னரன்றோ அவளுக்கு ஓய்வு? இவற்றைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அடிபடும் மனைவியை அடிக்கும் கணவன் முன் இருத்திப் பேசச் சொல்வது ஆபத்து. அங்கே முதல் தேவை பாதுகாப்பு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். எங்கே சேர்த்து வைப்பது, எங்கே தனித்துக் காப்பது என்று பகுத்தறிவதற்கே முறையான பயிற்சி வேண்டும். நல்ல மனம் மாத்திரம் போதாது.

இலங்கையில் 1952 இல் தொடங்கிய சமூகப்பணிக் கல்வி, இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்திலே பட்டப் படிப்பாக வளர்ந்துள்ளது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் தோன்றிய 'சாந்திகம்' உளவளத்துணையைத் தமிழிலே பயிற்றியது. வடக்கிலே இயன்றது மலையகத்தில் இயலாதா? 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தமிழர். அவர்களது துயரை அவர்களது மொழியிலே கேட்கப் பயின்ற காதுகள் வேண்டும்.

மாணவ மணிகளே! வைத்தியர், பொறியியலாளர் என்று கனவு காண்பது நன்றே. லுணுகலையிலோ மடுல்சீமையிலோ பிறந்த ஒருவர் இக்கல்வியையும் நாடட்டும். பெற்றோரும் அதனை இரண்டாந்தரப் படிப்பென்று தள்ளாதிருக்கட்டும். வாய் திறவாத அச்சிறுமி இன்றும் வகுப்பின் கடைசி வாங்கிலே அமர்ந்திருக்கிறாள். அவளுடைய வீட்டு வாசற்படியை மிதிக்க எம்முள் யார் ஆயத்தமாகப் போகிறோம்?