பக்கத்தில் நிற்பவர்கள்

திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்தில் உட்கார்ந்து ஓடும் நீரைப் பார்க்கும்போதெல்லாம், இங்கே சுதேசி இயக்கத் தலைவர்கள் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசக் கேட்டவர்கள், அதிகாரியைக் கண்டால் தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கி ஒதுங்கிய ஜனங்கள்தாமே, அவர்கள் 1908-இல் நிமிர்ந்தது எப்படி என்ற கேள்வி என் மனத்தை விட்டு அகல்வதில்லை.

தைரியமும் பணிவும் பிறவிச் சுபாவம் என்றே நாம் நம்பி வருகிறோம். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் 1961-இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனைகள் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 விசைகள் கொண்ட ஒரு பெட்டி; அடுத்த அறையில் பாடம் ஒப்பிப்பவர் தவறுந்தோறும் ஒரு விசை மேலே போகவேண்டும். மின்சாரம் பாயவேயில்லை என்பதும், சுவரை இடித்தவர் நடித்தார் என்பதும் விசையை அழுத்தியவருக்குத் தெரியாது. வியர்த்து, நடுங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டும், சாம்பல்நிற அங்கி அணிந்த ஆராய்ச்சியாளர் தொடரச் சொன்ன ஒரே காரணத்தால், 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். அவர் வெளியே போய்த் தொலைபேசியில் ஆணையிட்டபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே பணிந்தார்; உடன் அமர்ந்திருந்த இருவர் 'மாட்டோம்' என்று எழுந்துவிட்டபோதோ, 40 பேரில் 4 பேர்தாம் முடிவு வரை சென்றனர். அதிர்ச்சி பொய்யென்று சிலர் ஊகித்திருக்கலாம் என்ற ஆட்சேபம் பின்னால் எழுந்தது, அது நியாயமானதே. ஆயினும் எழுந்து நின்ற அந்த இருவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஏனெனில் அவர்களை நான் தூத்துக்குடியில் காண்கிறேன். 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஊரே அவர்கள் பக்கத்தில் நின்றது. வேலைநிறுத்தத்தைப் பழித்த வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி பாதியிலேயே கத்தியை மடக்கிவிட, வேறெவரும் தொட மறுக்கவே, மீதியை முடித்துக்கொள்ள அவர் திருநெல்வேலிக்கு வரநேர்ந்தது என்பார்கள். தனியாக நின்றிருந்தால் அந்தக் கை கத்தியை மடக்கியிருக்குமா? சில நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்து, கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இசைந்தது.

அந்த வேலைநிறுத்தத்துக்கு முன்னின்ற வ.உ.சி.யும் சிவாவும் மார்ச் 12-இல் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். சர்க்கார் கட்டடங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் 4 உயிர்கள் போயின. துணை நிற்கும் கூட்டம் தீ வைக்கவும் துணிவூட்டும் என்பதை மறைத்துப் பேசுவது உண்மைக்குத் துரோகம். ஆனால், கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட கோரல் மில் தொழிலாளர், தங்களுக்கென இனி ஒன்றும் கேளாமலே, சிறையிலிருந்த இருவருக்காக மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள்.