பாடும் பலகை

நம் பங்குக் கோயில்களின் பாடற்குழுவில் இன்று கிட்டாரும் இடம்பெற்றுவிட்டது. ஆர்மோனியமும் வயலினும் மட்டுமே ஒலித்த இடத்தில் இளைஞர் கையில் கிட்டாரைக் காணும்போது, பெரியவர்கள் சிலர் இன்னமும் முகம் சுளிப்பதுண்டு. மேடைக் கச்சேரிக்கு உரிய கருவி பீடத்தருகே வரலாமா என்பது அவர்களது ஐயம். அவ்வையம் தீர இரண்டு செய்திகள் போதும்.

1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஆஸ்திரிய நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஓபர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், ‘சைலண்ட் நைட்’ என்று உலகம் முழுவதும் அறிந்த கிறிஸ்து பிறப்புப் பாடல் முதன்முதலாகப் பாடப்பெற்றது. பாடலை இயற்றியவர் அவ்வாலயத்தின் உதவிக் குரு யோசேப் மோர். இசை அமைத்தவர் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர். அன்றிரவு இரு குரல்களுக்கும் துணையாக ஒலித்தது ஒரு கிட்டாரே. குருவின் அந்தக் கிட்டார் ஹல்லைன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இஃது ஒன்று. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழல் ஆர்கனுக்கு முதன்மை தந்து, வழிபாட்டுக்குத் தகுதியுடைய பிற கருவிகளையும் உரிய திருச்சபை அதிகாரிகளின் ஒப்புதலோடு பயன்படுத்தலாம் என்று கூறிற்று. இது மற்றொன்று.

ஆகவே, கிட்டார் கோயிலுக்குள் வரலாமா என்பது இன்று கேள்வியன்று. அதை நம் கையாலேயே செய்ய இயலுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

மலையடிவாரத்துப் பட்டறை

போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற மலையடிவாரச் சிற்றூர்களை எண்ணிப் பாருங்கள். கதவும் சன்னலும் கட்டிலும் செய்யும் தச்சர் வீட்டுத் திண்ணையில் இழைப்புளி, உளி, ரம்பம், மூலைமட்டம் எல்லாம் இருக்கின்றன. கிட்டார் செய்வதற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை இவையே. இசையும் இப்பகுதிக்குப் புதிதன்று. 1943இல் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதை அறியாதார் யார்? தமிழ்நாட்டில் கையாலேயே கிட்டார் செய்வோரும் இல்லாமலில்லை. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லில் எரிசா நியோகி என்பவர் இக்கலையில் பெயர் பெற்றவர்.

எனினும், எந்த மரத்தால் செய்வது என்ற கேள்வி எழும். நல்ல கிட்டார் என்றதும் பலரும் சொல்வது ஈட்டி மரம். இங்கேதான் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் ஒருவர் நமக்குப் பாடம் சொல்கிறார்.

அட்டையால் செய்த கிட்டார்

அந்தோனியோ தெ தோரெஸ் 1817இல் அல்மேரியா நகருக்கு அருகில் பிறந்தவர். இளமையில் தச்சுத் தொழில் பழகியவர். இன்று நாம் காணும் செவ்வியல் கிட்டாரின் உருவமும் அளவும் பெரிதும் அவர் வகுத்தவையே. கிட்டாரின் குரல் எங்கிருந்து பிறக்கிறது என்பதை மெய்ப்பிக்க விரும்பி, 1862இல் அவர் ஒரு விந்தை செய்தார். பின்பலகையையும் பக்கப் பலகைகளையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தார். அக்கிட்டார் இனிமையாகவே ஒலித்தது! கம்பிகளின் அதிர்வை ஏற்றுக் காற்றுக்குத் தருவது மேற்பலகை; குரலின் பெரும்பகுதி அதனுடையது. மற்றவை துணை நிற்பவை. பின்னும் பக்கமும் எம்மரமாயினும் ஒன்றே என்பதன்று இதன் பொருள். விலையுயர்ந்த மரமே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதே.

அப்படியானால் நம் தோட்டத்துப் பலா போதாதா? தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் குடைந்து செய்யப்படுவது. 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. மிருதங்கத்தின் உடலும் பலாவே. பிலிப்பைன்ஸ் நாட்டில் செபு நகரை அடுத்த மக்தான் தீவின் கத்தோலிக்கக் கைவினைஞர்கள், தலைமுறை தலைமுறையாகப் பலாப் பலகையைக் கொண்டே கிட்டாரின் பின்புறமும் பக்கங்களும் அமைத்து வருகின்றனர். கழுத்துக்கு, எடை குறைந்து நேராக நிற்கும் சந்தன வேம்பு ஏற்றது. மேற்பலகைக்குரிய ஸ்புரூஸ் மரம் ஒன்றுதான் நம் மலையில் விளையாதது. அந்த இரண்டு மெல்லிய பலகைகளை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும்.

வேலை நடக்கும் விதம்

பலாப் பலகையை ஒரு புத்தகத்தைத் திறப்பதுபோல இரண்டாகப் பிளந்து ஒட்டினால், இருபுறமும் ஒரே கோலமாய் ரேகை அமையும். பக்கப் பலகைகளை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, நீரில் நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின் மேல் மெல்ல அழுத்தி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் முறியும், சூடு மிஞ்சினால் கருகும். வளைந்ததை அச்சில் இறுக்கி, ஆறும்வரை விட்டுவிட வேண்டும்.

மேற்பலகையின் இரு பாதிகளும் சேரும் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளிக்கீற்று ஒன்றுகூட ஊடே தெரியலாகாது. அதன்பின் பலகையை இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்து, உட்புறத்தில் விசிறி விரித்தாற்போல ஏழு மெல்லிய தாங்குசட்டங்களை ஒட்டுவது தோரெஸ் பின்பற்றிய முறை. நைலான் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ நாற்பது கிலோ. ஒரு சிமெண்டு மூட்டைக்குச் சற்றே குறைந்த பாரம். கனமாக விட்டால் பலகை பாடாது. அளவுக்கு மீறி இழைத்தால் பாரம் தாங்காமல் உப்பிப் பிளக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் இத்தொழில்.

மெட்டுகள் பதிப்பதில் கணக்கு வேண்டும். வீணையில் மெட்டுகளை மெழுகின்மேல் அமைப்பதால் பின்னர் நகர்த்திச் சரிசெய்யலாம். கிட்டாரில் அந்தச் சலுகை இல்லை. கம்பியின் ஒலிக்கும் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817ஆல் வகுக்க வரும் 36.5 மில்லிமீட்டரில் முதல் மெட்டு அமையும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டின் தொலைவு கிடைக்கும். இவ்வாறே தொடர்ந்து செல்ல, பன்னிரண்டாம் மெட்டு சரியாகப் பாதியில், 325 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அங்கு நிற்கவில்லையேல் கணக்கு எங்கோ பிசகிற்று என்று அறிக. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் தந்தைக்கு உதவக்கூடிய கணக்கு இது.

காலமும் பார்க்க வேண்டும். மரம் ஈரக்காற்றில் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியை ஒட்டி மூடினால், கோடையில் மேற்பலகை சுருங்கி வெடிக்கும். எனவே நம் பகுதியில் மாசி, பங்குனியே பெட்டி மூட ஏற்ற காலம். தச்சரின் பாதுகாவலராம் புனித சூசையப்பரின் திருவிழாவும் மார்ச் 19ஆம் நாள், அப்பங்குனியிலேயே வருகிறது. அன்று ஒட்டிய பெட்டிக்கு அரக்கு மெருகேற்றிக் கம்பி பூட்டினால், கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்குக் கருவி ஆயத்தம்.

ஈட்டி மரம் நிற்கட்டும்

ராசிங்காபுரத்திலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிவது ஏலமலை. அடிவாரத்து மக்கள் பலர் நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச் சென்று ஏலத் தோட்டங்களில் பாடுபட்டுத் திரும்புகின்றனர். ஏலச் செடி நேர்வெயிலில் வாழாது. ஓங்கிய மரங்களின் நிழல் அதற்கு வேண்டும். அந்த நிழலே பல குடும்பங்களின் உலையில் அரிசியாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நிழல் தரும் மரங்களுள் ஈட்டியும் ஒன்று.

பிரேசில் நாட்டு ஈட்டி அரிதானதும், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது; உலகத்துக் கிட்டார்த் தொழிலின் கண் நம் மலைகளின்மேல் விழுந்தது. ஈட்டியைக் காக்கத் தமிழக அரசு 1994இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. 2017 சனவரி முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. மெல்ல வளரும் அம்மரம் வயிரம் பாய்ந்து முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். கடவுளைப் புகழும் கருவிக்காகக் கடவுள் வளர்த்த மரத்தைக் களவாய் வெட்டுதல் தகுமா? களவு மரத்தை அறிந்து வாங்குவதும் களவுக்குத் துணைபோவதே. விரல் பதியும் மேற்பட்டைக்கு மட்டும் உறுதியான மரம் தேவை. அதற்கு ஒன்றரை அடி நீளமும் மூன்று விரற்கடை அகலமும் உள்ள சிறு துண்டு போதும். பாட்டன் காலத்து உடைந்த கட்டிலின் ஈட்டிச் சட்டம் ஒன்று பரணில் கிடக்குமானால், அதுவே தாராளம்.

விரல் நுனியில் உள்ள இரகசியம்

தோரெசின் முதுமைக் காலத்தில் அவருக்கு நண்பராயிருந்தவர் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் என்னும் குருவானவர். உமது இரகசியத்தை உம்மோடு கொண்டு போகலாமா, உலகுக்கு விட்டுச் செல்லலாகாதா என்று தோரெசைக் கேட்டபோது அவர் அளித்த மறுமொழியை அக்குருவே பிற்காலத்தில் எழுதி வைத்தார். விட்டுச் செல்லக்கூடிய இரகசியம் தம்மிடம் எதுவும் இல்லை என்றும், பலகையைப் பிடிக்கும் பெருவிரலும் சுட்டுவிரலுமே அது பதமாயிற்றா என்று தமக்கு அறிவிக்கின்றன என்றும் தோரெஸ் கூறினாராம். 1892இல் அவர் மறைந்தார். அந்த விரல்களும் மறைந்தன.

எழுதிவைக்க இயலாத அறிவு கையிலிருந்து கைக்கே செல்ல வேண்டும். மகன் அருகில் அமர்ந்து, தந்தை பலகையைத் தட்டும் ஓசையைக் கேட்டுக் கேட்டுப் பழகுவதே அதற்குரிய பள்ளி. நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் நம் ஆண்டவர் கற்றதும் அவ்வாறே அன்றோ? நம் ஊர்த் தச்சர்களின் பிள்ளைகள் பலர் உளியைத் தொடாமலே வளர்கின்றனர். வேறு வேலைக்குச் செல்வது தவறன்று. ஆனால் தந்தையின் விரல்கள் அறிந்ததை ஒரு முறையேனும் தொட்டறியாமல் போவது பேரிழப்பு.

எனவே பங்கு இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கிட்டாரைக் கடையில் வாங்குமுன், உங்கள் ஊர்த் தச்சரை அணுகுங்கள். ஒரு பலாப் பலகையோடு ஓராண்டுப் பொறுமையையும் அவரிடம் கொண்டு செல்லுங்கள். முதலாவது கருவி குறையோடுதான் ஒலிக்கும், இரண்டாவது தேறும், மூன்றாவது பாடும். அதற்குள் அவருடைய விரல்கள் அறிந்தவற்றில் சிறிதேனும் உங்கள் விரல்களுக்கு வந்து சேர்ந்திருக்கும்.