ஆளில்லா விமானம் யார் சொல்லைக் கேட்கிறது?

லயத்து வாசலில் நின்றால் போன் பேசலாம். பீலிக்கரைக்கு இறங்கினால் "சிக்னல் இல்ல" என்கிறோம். ஏன்? போன் பேசுவது ரேடியோ அலையால். நடுவில் மலை நின்றால் அலை தடைப்படும். 'ட்ரோன்' எனப்படும் ஆளில்லாத சிறு விமானத்துக்கும் இதே கதைதான்.

கல்யாண வீட்டில் படம் எடுக்கும் ட்ரோனைப் பார்த்திருப்பீர்கள். இயக்குபவர் கையிலுள்ள பெட்டியிலிருந்து "மேலே போ, திரும்பு" என்ற கட்டளை அலையாகப் போகிறது. ட்ரோனும் சும்மா இருப்பதில்லை. தான் நிற்கும் இடம், பேட்டரியின் மிச்சம், கேமரா படம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறது. இதற்குப் பெரும்பாலும் 2.4 அல்லது 5.8 கிகாஹேர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகிறார்கள். வைஃபைக்கும் இதே அலைதான். இது மலையைத் துளைத்துப் போகாது. மழையில் நனைந்த இலைகளும் இதைக் குறைத்துவிடும்.

சரி, தொடர்பு அறுந்தால் விழுந்துவிடுமா? பல ட்ரோன்களில், புறப்பட்ட இடத்துக்குத் தானாகவே திரும்பும் ஏற்பாடு உண்டு. வழி காட்டுவது சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜீ.பீ.எஸ். செய்மதிகள். இடத்தைச் சரியாக அறிய குறைந்தது 4 செய்மதிகள் வேண்டும். ஆனால் திரும்பும் உயரத்தை முதலிலேயே குறித்து வைக்கவேண்டும். சவுக்கு மரத்தைவிடக் குறைவாகக் குறித்தால், போய் மரத்தில் மோதும்!

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவும் நம்மைப்போல் மலையும் தேயிலையும் உள்ள நாடு. அங்கே 2016 ஒக்டோபரில் ஸிப்லைன் என்ற நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்கு ட்ரோன் மூலம் இரத்தம் அனுப்பத் தொடங்கியது. கைப்பெட்டி அலை அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் ட்ரோன் குறித்த பாதையில் தானாகப் பறந்து, கைத்தொலைபேசிக் கோபுரங்கள் வழியாக நிலையத்தோடு பேசுகிறது. இரத்தப் பொதியைப் பாரசூட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. பிரசவத்தில் இரத்தப்போக்கு கண்ட தாய்க்கு, மலைப்பாதையில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிஷமும் உயிர்தானே?

நாளைக்கு நம்ம மலைக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டு கீழே நிற்காதீர்கள். பிள்ளைகளையும் கிட்ட விடாதீர்கள். அதன் விசிறி கையை வெட்டிவிடும். மருந்தும் மேலே படும். கொழுந்தெடுக்கும் ஆட்களை அந்த மலையிலிருந்து முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இயக்குபவரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "தொடர்பு அறுந்தா இது எந்த உயரத்துல திரும்பும், எங்க எறங்கும்?"

கேட்பதில் வெட்கம் இல்லை. கீழே நிற்பது நாம்தானே!