தன் ஆட்டமே தன் ஆசான்

சதுரங்கம் ஆடுவோர் பலர். ஆடி முடித்த ஆட்டத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போர் சிலரே. வென்றவர் மகிழ்ச்சியிலும் தோற்றவர் வருத்தத்திலும் காய்களைப் பெட்டியில் இட்டு மூடிவிடுகின்றனர். கற்க வேண்டிய பாடமும் அவற்றோடு மறைந்து போகிறது.

ஆட்டத்தில் தேர்ச்சி பெற விரும்புவோர் ஒவ்வொரு நகர்த்தலையும் ஏட்டில் குறித்து வைத்தல் வேண்டும். பின்னர்த் தனித்திருந்து அதனை மறுபடியும் ஆடிப் பார்த்தல் வேண்டும். எவ்விடத்தில் நிலைமை மாறியது? அங்கே வேறு வழி இருந்ததா? அவ்வேளையில் மனம் என்ன எண்ணிற்று? இவ்வினாக்களுக்குத் தாமே விடை கண்டு எழுதிய பின்னரே, அவ்விடைகளை வல்லவரிடமோ கணிப்பொறியிடமோ சரிபார்த்தல் நன்று.

1921 முதல் 1927 வரை உலக வெற்றி வீரராக விளங்கிய கியூபா நாட்டுக் கப்பபிளாங்கா, இறுதியாட்டத்தையே முதலில் பயிலுமாறு வற்புறுத்தினார். காய்கள் குறைந்த நிலையிலன்றோ ஒவ்வொரு காயின் ஆற்றலும் தெளிவாகப் புலப்படும்? சான்றாக, பலகையின் நடு வரிசை ஒன்றில் வெள்ளை அரசன் நான்காம் கட்டத்திலும், அவனுக்கு நேர் பின்னே மூன்றாம் கட்டத்தில் வெள்ளைக் காலாளும், எதிரே ஆறாம் கட்டத்தில் கறுப்பு அரசனும் நிற்பதாகக் கொள்வோம். வேறு காய்கள் இல்லை. ஆடும் முறை கறுப்பினுடையதாயின், அவ்வரசன் விலகி வழிவிட நேரும், காலாள் முன்னேறி அரசியாகும், வெள்ளை வெல்லும். முறை வெள்ளையினுடையதாயின், இருவரும் பிழையின்றி ஆடும்போது ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும். இந்நுட்பத்தை அறியாதவன், வெல்ல வேண்டிய ஆட்டத்தையும் நழுவ விடுவான்.

சோவியத் நாட்டுப் பொத்வினிக் மின்பொறியியல் அறிஞர். அவர் தம் ஆட்டங்களைப் பிறர் ஆட்டங்களைப் போல நடுநிலையோடு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியை அச்சிட்டு வெளியிட்டார். பிழையிருப்பின் பிறர் எடுத்துக் காட்டட்டும் என்பதே அவர் கருத்து. 1960-இல், 23 வயது இளைஞரான தாலிடம் அவர் உலகப் பட்டத்தை இழந்தார். அவர் காலம் முடிந்தது எனப் பலர் எண்ணினர். அவரோ தம் குறைகளை ஆராய்வதில் முனைந்தார். மறு ஆண்டே, தம் 49-ஆம் வயதில், 13-8 என்ற கணக்கில் தாலை வென்று பட்டத்தை மீட்டார்.

தோல்வியை மறைப்பவன் அதனை மீண்டும் சந்திப்பான். ஆராய்பவனுக்கு அதுவே ஆசானாகும். இது சதுரங்கப் பலகைக்கு மட்டும் உரிய உண்மையன்று.