தூரில் நின்ற தண்ணீர்

எலுமிச்சைத் தூரை ஒட்டிப் பாத்தி கட்டி, அது தளும்பத் தண்ணீர் விடுவதுதான் அன்று நல்ல விவசாயிக்கு அழகு. புளியங்குடிப் பக்கத்துத் தோப்பானாலும் சரி, வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒற்றை நாரத்தையானாலும் சரி, தூர் நனைந்தால் மரம் குளிரும் என்று நம்பினோம். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மரம் ஒரு மழைக்காலம் கழிந்ததும் அடிப்பட்டை வெடித்துப் பிசின் வடிக்கும். இலை வெளுக்கும், நுனிக்கிளை காயும். சில மரங்கள் சாகுமுன் பூத்துக் குலுங்குவதும் உண்டு. அதனால் பழி கண்ணேறின் தலையில் விழுந்தது.

உண்மையில் அது பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியின் வேலை. பூஞ்சைகளோடு சேர்த்தே பேசப்பட்டாலும், இன்றைய வகைப்பாட்டில் இது வேறு இனம். இதன் வித்துகளுக்கு இரண்டு வால்கள் உண்டு. மண் ஈரத்தில் நீந்திவந்து பட்டைக் காயத்திலும் இளவேரிலும் ஏறும். அவை நீந்தக் குளம் வெட்டிக் கொடுத்தது நம் பாத்திதான்.

நாம் மட்டும் ஏமாறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அசோர்ஸ் தீவுகளில் இந்த அடியழுகல் தோப்புகளைத் தாக்கியது. பிறகு மத்தியதரைக்கடல் நாடுகளுக்கும் பரவியது. அதைத் தாங்கும் புளிப்பு ஆரஞ்சை வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டித் தப்பித்தார்கள். ஆனால் 1930-களில் தென் அமெரிக்காவில் டிரிஸ்டெசா என்ற வைரஸ் நோய் அதே வேர்ச்செடி மரங்களைச் சாய்த்தது.

இன்று பாத்தி இரண்டு வட்டம். உள்வட்டத்தில் மண்ணை அணைத்துத் தூரை மேடாக்கி, அதற்கு வெளியே, கிளை நிழல் விழும் இடத்தில் தண்ணீர் விடுகிறார்கள். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் அதிகம். சொட்டுநீர்க் குழாயையும் தூரைவிட்டுத் தள்ளிப் போடுகிறார்கள். ஒட்டுக்கன்று வாங்கினால் ஒட்டு மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரமாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து வைப்பதும் வந்துவிட்டது.

மருந்தில் மட்டும் பழையது நிலைத்திருக்கிறது. பிரான்சின் போர்டோ வட்டாரத் திராட்சைக்காக 1885-இல் தாவரவியலாளர் மில்லார்டே அறிவித்த கலவையே இன்றும் கைகொடுக்கிறது. மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை 5 லிட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். தேய்த்த இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. பிசின் வடியும் பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை சுரண்டி, அன்றைக்கே இந்தப் பசையைப் பூச வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் அடிமரத்தில் இரண்டடிவரை பூசிவைப்பது காவல்.

தோப்புகள் மாறிவிட்டன. கொல்லையில்தான் பாத்திரம் கழுவிய தண்ணீர் இன்னும் எலுமிச்சைத் தூருக்கே போகிறது. அந்த வாய்க்காலை இரண்டு முழம் தள்ளி வெட்ட ஒரு மண்வெட்டி போதும்.