பாட்டரி மீது பழி போடுமுன்

நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய வண்டி. இன்று காலை சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஓர் ஓசை, அத்துடன் சரி. கார், டிராக்டர், சரக்கு வண்டி எதுவானாலும் இந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. உழவுக்கு ஏற்ற ஈரம் இருக்கும் நாளில் டிராக்டர் இப்படிப் படுத்துவிட்டால் அன்றைய வேலை கெட்டது. உடனே பழைய பாட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவதே வழக்கமாக இருக்கிறது. இதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். கோளாறு பாட்டரியில் இல்லையென்றால் அந்தப் பணமும் வீண். புதிய பாட்டரியும் சில நாட்களில் படுத்துவிடும்.

பெசன்ட் நகரில் நடந்தது

சென்னை பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரையை அடுத்த தெருவில் என் மைத்துனர் குடியிருக்கிறார். திருப்போரூர் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் நஞ்சை உண்டு. வாரம் ஒரு முறை தம் காரில் போய்ப் பார்த்து வருவார். சென்ற புரட்டாசியில், விதை நெல் ஏற்றிப் போகவேண்டிய நாளன்று கார் கிளம்பவில்லை. பாட்டரி வாங்கி இரண்டு ஆண்டு கூட நிறையவில்லை. வந்து பார்த்த கடைக்காரர், “பாட்டரி போய்விட்டது சார், மாற்றிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார்.

நான் அன்று அங்கே இருந்தேன். “மாமா, பத்து நிமிஷம் பொறுங்கள்” என்று சொல்லி, முகப்பு விளக்கைப் போடச் சொன்னேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. விளக்கு எரியும்போதே சாவியைத் திருகியதும் அடியோடு அணைந்தது. சாவியை விட்டதும் மறுபடி எரிந்தது. பாட்டரியின் ஈயக் குமிழ்களில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட். பாட்டரியில் சத்து இருக்கிறது. அது செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்பது தெளிவாயிற்று.

குமிழ்களைக் கவ்வியிருந்த கிளாம்புகளைக் கழற்றினோம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருந்தது. நெகடிவ் ஒயர் வண்டியின் உடலோடு சேரும் போல்ட்டும் உப்புத் துருவால் மூடியிருந்தது. வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உலரவிட்டு இறுக்கினோம். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பிவிட்டது. செலவு ஆப்ப சோடா மட்டுமே!

காரணம் என்ன?

செல்ஃப் மோட்டார் சுழலும் அந்தச் சில நொடிகளில் சிறிய காருக்கே 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் தேவை. விளக்குகளுக்குப் பத்து ஆம்பியர் அளவே போதும். ஆகவே, பூத்துப்போன இணைப்பு விளக்கை எரியவிடும், செல்ஃபை எழுப்பாது. இணைப்பில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை இருந்தாலே போதும். 150 ஆம்பியர் பாயும்போது ஒன்றரை வோல்ட் அங்கேயே கரைந்துவிடும்.

பாட்டரியிலிருந்து கசியும் அமில ஆவியால் எந்த ஊரிலும் இந்தப் பூப்பு வரும். கடலோரத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் அரிப்பு விரைகிறது. பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பிகளை உப்பு தின்பதைப் பார்க்கலாம். மரக்காணம், நாகப்பட்டினம், வேதாரண்யம் வட்டார விவசாயிகளுக்கு இது புதிய செய்தியல்ல. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம், பாட்டரி, உலோக அரிப்பு இரண்டையுமே ஆராய்ந்து வருகிறது. உப்புக்காற்றில் உலோகங்கள் படும் பாட்டை ஆராய மண்டபத்தில் அதற்குத் தனி மையமே இருக்கிறது.

மறுபடியும் படுத்தது

கதை அத்துடன் முடியவில்லை. பத்து நாள் கழித்து, மூன்று நாள் எடுக்காமல் நின்ற கார் மீண்டும் கிளம்பவில்லை. இம்முறை விளக்கே மங்கலாக இருந்தது. மீட்டர் 11.9 வோல்ட் காட்டிற்று. மூடி திறக்கும் வகைப் பாட்டரியானதால் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தோம். ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தி ஒரே சீராக 1.140 அளவில் இறங்கியிருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்த அறை செத்துவிட்டது. பாட்டரியை மாற்றத்தான் வேண்டும். ஆறும் சமமாக இறங்கியிருந்தால் முதலில் பாட்டரியைச் சந்தேகிக்கக் கூடாது. ஒன்று, அதற்குச் சார்ஜ் சரியாக ஏறவில்லை. அல்லது யாரோ திருடுகிறார்கள்!

திருடன் டிக்கிக்குள் இருந்தான். டிக்கிக் கதவின் சுவிட்ச் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டதால், கதவை மூடியும் உள்ளே 5 வாட் பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. அது இழுப்பது 0.4 ஆம்பியர்தான். ஆனால் 35 ஆம்பியர்-மணி பாட்டரியை மூன்றரை நாளில் காலி செய்ய அது போதும். சுவிட்சை மாற்றி, பாட்டரியை ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றினோம். இன்றும் அதே பாட்டரிதான் ஓடுகிறது.

நீங்களே சோதிக்கலாம்

டிராக்டருக்கும் இதே முறைதான். அதன் பாட்டரி பெரியது. செல்ஃபும் கூடுதலாக இழுக்கும். அவ்வளவே வேறுபாடு. மின்சாமான் கடையில் விற்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும்.

1. கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக் போட்டு, முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருகவும். விளக்கு அடியோடு அணைந்தால் இணைப்புக் கோளாறு. மிகவும் மங்கினால் பாட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது செல்ஃப் இறுகியிருக்கிறது. மங்காமல் எரிந்து, செல்ஃபில் ஓசையே இல்லையென்றால் சுவிட்ச் அல்லது ஒயரைப் பார்க்கவும்.

2. இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.9 என்றால் காலி. நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும் 10.5 அளவிலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம்.

3. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம்; அல்லது ஆல்டர்னேட்டரில் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. அது பாட்டரியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடும்.

4. ஒருவர் சாவியைத் திருக, மீட்டரின் ஒரு முனையை ஈயக் குமிழிலும் மறு முனையை அதைக் கவ்வும் கிளாம்பிலும் வைக்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்யவும்.

5. திருட்டைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நெகடிவ் ஒயரைக் கழற்றி, குமிழுக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைக்கவும். சில நிமிடங்களுக்குப் பின்னும் 0.05-க்கு மேல் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவும். எதைப் பிடுங்கும்போது அளவு இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருகக் கூடாது, மீட்டர் எரிந்துவிடும்.

உயிருக்கு ஆபத்து!

செல்ஃப் எடுக்காதபோது, கீழே நின்றபடியே ஸ்க்ரூ டிரைவரை செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளிலும் வைத்து டிராக்டரைக் கிளப்புவது பல ஊர்களில் நடக்கிறது. கியர் விழுந்திருந்தால் வண்டி அந்தக் கணமே நகரும். பெரிய சக்கரத்துக்கு முன்னால் நிற்பவர் ஒதுங்க நேரம் இருக்காது. ஒருபோதும் இவ்விதம் செய்ய வேண்டாம். இருக்கையில் அமர்ந்து, கிளட்சை மிதித்துத்தான் கிளப்ப வேண்டும்.

சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பீடி, தீக்குச்சி அருகே கூடாது. ஒயரைக் கழற்றும்போது நெகடிவ் முதலில். மாட்டும்போது நெகடிவ் கடைசியில். அமிலம் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவவும்.

பராமரிப்பு

மாதம் ஒரு முறை மூடிகளைத் திறந்து, ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பார்க்கவும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் உள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுத்துவிடும். கிளாம்புகளை இறுக்கிய பின் மேலே வாசலைன் தடவவும். ஆப்ப சோடாக் கரைசல் மூடி வழியே உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

நம் ஊர் வெயிலில் நிற்கும் பாட்டரி தானாகவே சத்தை இழக்கும். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கி வாரக்கணக்கில் நின்ற வண்டிகள் பலவற்றில் பாட்டரி படுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பருவம் முடிந்து நிற்கும் டிராக்டருக்கும் இது பொருந்தும். நெகடிவ் ஒயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றவும்.

உண்மையாகவே ஆயுள் முடிந்த பாட்டரியைக் கிணற்றடியிலோ வரப்பிலோ போட வேண்டாம், ஈயம் நஞ்சு. கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள்.

மாடு படுத்துவிட்டால் உடனே மாற்று மாடு வாங்குவோமா? என்ன நோய் என்று பார்ப்போம் அல்லவா? வண்டி படுத்தாலும் அப்படியே. முதலில் மீட்டரை எடுங்கள். பணப்பையைப் பிறகு எடுக்கலாம்.